சிவில் வார் 2: சாகப் போவது யார்? (கதையின் ரகசியங்கள் வெளிப்படும், இதழ் படிக்காதவர்கள் தேதி பார்த்து நிறுத்திக்கொள்ளவும்)

ஏப்ரல் 12, 2016. வாசகர் கேள்வி

ஜூனில் மார்வெல் காமிக்ஸின் சிவில் வார் 2 தொடங்குகிறது, ஹீரோக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதும் தொடர். ஒரு பக்கம் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க், மறுபக்கம் கேப்டன் மார்வெல் கரோல் டேன்வர்ஸ். பெரிய தலை ஒன்று உருளும் என்று எங்கே போனாலும் பேச்சு. போன சிவில் வார் முடிந்த கையோடு கேப்டன் அமெரிக்காவைத் தீர்த்துக் கட்டினார்கள், அதனால் இந்தத் தடவை அயர்ன் மேன்தான் என்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

ஏப்ரல் 12, இரவு

உண்டு. டோனி சாக மாட்டார். போன தடவை இவர், இந்தத் தடவை அவர் என்று முறை வைத்து எந்த ஆசிரியர் குழுவும் கொல்வதில்லை.

யார் சாவார் என்பதைக் கதைக்குள் தேடினால் கிடைக்காது. கேட்லாக்கில் தேடுங்கள். அமெரிக்கக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு மாதமும் வரப்போகும் இதழ்களின் பெயர், அட்டைப்படம், நாலு வரிக் கதைச் சுருக்கம் எல்லாம் வெளியாகும். ஜூன் இதழ்களின் பட்டியல் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஜூலைப் பட்டியல் இந்த மாதமே வந்துவிடும்.

ஒரு தாளை எடுத்து இடது பக்கம் ஹீரோக்களின் பெயர்களை எழுதுங்கள், மேலே மாதங்கள். தன் பெயரிலேயே தொடர் இருந்தால் 3, குழுத் தொடரில் அட்டையில் நின்றால் 2, கதைச் சுருக்கத்தில் மட்டும் பெயர் வந்தால் 1, எங்கும் இல்லையென்றால் 0. நான்கு மாதம் போட்டுப் பாருங்கள். 3, 3, 3 என்று போகிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2லிருந்து 1, 1லிருந்து 0 என்று இறங்குகிறவர் மேல் கண் இருக்கட்டும்.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 1985ல் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் 7ஆம் இதழில் சூப்பர்கேர்ள் செத்தார், 8ஆம் இதழில் ஃபிளாஷ் பேரி ஆலன். சூப்பர்கேர்ளின் தொடர் 1984லேயே நின்றுவிட்டது, அந்த வருடம் வந்த படமும் ஓடவில்லை. பேரியின் தொடரை 350ஆம் இதழோடு மூடிவிட்டார்கள். கதையில் உயிர் போவதற்கு முன்பே பட்டியலில் போய்விட்டது.

ஏப்ரல் 13

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. 3 வாங்கினால் பத்திரம் என்று சொன்னது தப்பு.

கேப்டன் அமெரிக்கா 25ஆம் இதழ், மார்ச் 7, 2007. கேப்டனான ஸ்டீவ் ரோஜர்ஸ் சுடப்பட்டார், ஆனால் தொடர் நிற்கவில்லை. எழுத்தாளர் எட் புருபேக்கர் அதே தலைப்பில், கேப்டனே இல்லாமல் மாதா மாதம் கதை நடத்தினார். 34ஆம் இதழில் அவருடைய பழைய கூட்டாளி பக்கி பார்ன்ஸ் அந்த உடையைப் போட்டுக்கொண்டார். கேட்லாக்கை மட்டும் பார்த்தவருக்கு "கேப்டன் அமெரிக்கா, 3 மதிப்பெண்" என்றுதான் தெரிந்திருக்கும். ஆகவே தலைப்பு வேறு, உடைக்குள் இருக்கிற ஆள் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சாவு சிவில் வாரின் 7 இதழ்களுக்குள் நடக்கவே இல்லை, முடிந்த பிறகுதான் நடந்தது. பெரிய தொடர் முடிந்ததும் "யாரும் சாகவில்லை" என்று தாளைக் கிழித்துப் போட்டவர்கள் அன்று ஏமாந்தார்கள். கடைசி இதழுக்குப் பிறகு இரண்டு மாதமாவது பொறுத்திருங்கள்.

ஏப்ரல் 15

பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, சொல்கிறேன். மூன்று சல்லடை. தன் பெயரில் தொடர் இருக்கக் கூடாது. அந்தப் பெயரைச் சுமக்க வேறு ஆள் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். செத்தால் இரண்டு அணியும் அழ வேண்டும்.

முதலிடம் பழைய ஹல்க், புரூஸ் பேனர். போன டிசம்பரிலிருந்து ஹல்க் என்றால் அமேடியஸ் சோதான். பேனர் உடம்பிலிருந்து ஹல்க்கை எடுத்தாகிவிட்டது. எழுத்தாளர்களுக்கு அவரால் இப்போது தனியாக ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது கிளின்ட் பார்ட்டன். வில்லாளி ஹாக்ஐ என்ற பெயரை கேட் பிஷப்பும் சுமக்கிறார்.

மூன்றாவது ஷீ-ஹல்க். ஏ-ஃபோர்ஸ் குழுத் தொடர் மட்டும் கையில்.

வார் மெஷின் ரோடியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மே 6ல் வரப்போகும் கேப்டன் அமெரிக்கா: சிவில் வார் படத்தில் அவர் இருக்கிறார், கொட்டகையில் ஓடும்போது காமிக்ஸில் தொட மாட்டார்கள்.

மே 8

ரோடியை அடித்ததை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று இலவச காமிக்ஸ் நாளில் கொடுத்த சிவில் வார் 2 முன்னோட்ட இதழைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். எதிர்காலம் தெரிகிற யுலிசீஸ் முன்கூட்டியே சொல்ல, வில்லன் தானோஸை மடக்கப் போகிறார்கள். அடிபடுகிறவர்கள் வார் மெஷினும் ஷீ-ஹல்க்கும்.

படத்தில் இருப்பவரைத் தொட மாட்டார்கள் என்ற விதியே பிசகு. வுல்வரின் வரும் எக்ஸ்-மென் படம் 2014 மே மாதம் கொட்டகையில், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் டெத் ஆஃப் வுல்வரின், 4 இதழ், தலைப்பிலேயே சாவு. படம் ஒருவரைக் காப்பாற்றாது. அந்தப் பெயர் ஊரெல்லாம் தெரிவதால் சாவுச் செய்தி நாளிதழ் வரை போகும், அவ்வளவுதான்.

ரோடியை நான் விட்டதற்கு உண்மைக் காரணம் மூன்றாவது சல்லடையைச் சரியாகப் போடாததுதான். டோனியின் உயிர் நண்பன் யார்? ரோடி. கரோலின் காதலன் யார்? அவரேதான். ஒரே உடல் கீழே விழுந்தால் இரண்டு தளபதிகளுக்கும் காயம். அதற்கு மேல், ரோடி இப்போது அதிகம் வருவது இன்வின்சிபிள் அயர்ன் மேன் தொடரில். அதை எழுதுவது பிரையன் மைக்கேல் பெண்டிஸ், சிவில் வார் 2 எழுதுவதும் அவர்தான். வேறொரு எழுத்தாளரின் பாத்திரத்தைக் கொல்ல நான்கு பேரிடம் பேச வேண்டும். தன் வீட்டுப் பிள்ளை என்றால் பேச்சே இல்லை. இதை நான்காவது சல்லடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிகழ்வை எழுதுகிறவரின் மாதத் தொடரில் யார் யார் துணைப் பாத்திரம்?

மே 9

எந்த இதழில் சாவு விழும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு போக்கு உண்டு.

முதல் இதழில் விழும் பிணம் கதையை நகர்த்துகிற எரிபொருள். டிசியின் ஐடென்டிட்டி கிரைசிஸ் 1ல் ஒரு ஹீரோவின் மனைவி சூ டிப்னி, ஃபைனல் கிரைசிஸ் 1ல் மார்ஷியன் மேன்ஹன்டர். இந்த இடத்தில் விழுகிறவர் வாசகர் நன்றாக அறிந்தவராக இருப்பார், ஆனால் விற்பனை அவரை நம்பி இருக்காது.

நடு இதழில் விழுவது திருப்பம். முதல் சிவில் வாரின் 4ஆம் இதழ், கோலியாத் என்ற பூதாகார ஹீரோ பில் ஃபாஸ்டர். அணிகள் கலைந்து ஆட்கள் பக்கம் மாறுவதற்கு அந்தச் சாவு தேவைப்பட்டது.

கடைசிக்கு முந்தைய இதழ்தான் பெரிய அடி. இன்ஃபினிட் கிரைசிஸ் 6ல் சூப்பர்பாய், ஃபைனல் கிரைசிஸ் 6ல் பேட்மேன், இரண்டும் 7 இதழ்த் தொடர்கள். மார்வெலின் அவெஞ்சர்ஸ் வெர்சஸ் எக்ஸ்-மென், 12 இதழில் 11ஆவதில் புரொஃபசர் எக்ஸ். கடைசி இதழை இரங்கலுக்கும் அடுத்த தொடர்களின் விளம்பரத்துக்கும் ஒதுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய இதழில் கொன்றுவிடுகிறார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் ரோடி 1ல். இன்னொருவர் நடுவில்.

ஜூன் 2

முதல் இதழ் வந்துவிட்டது. ரோடி போய்விட்டார். ஷீ-ஹல்க் உயிருக்குப் போராடுகிறார்.

கணிப்பு பலித்தது என்று மார்தட்ட மனம் வரவில்லை. 2006ல் முதல் சிவில் வாரில் செத்த ஒரே பெரிய ஹீரோ பில் ஃபாஸ்டர், கறுப்பினத்தவர், விஞ்ஞானி. தோர் உருவில் செய்த குளோன் அவர் நெஞ்சைத் துளைத்தது. செத்தபோது பூதாகார உருவத்தில் இருந்தார், திரும்பச் சுருக்க முடியவில்லை. அவரை அடக்கம் செய்ய டோனி 38 கல்லறை இடங்களை விலைக்கு வாங்கினார் என்று அதே இதழில் வருகிறது. ஒரு மனிதனைக் கிடத்த 38 இடம். அந்த ஒரு எண்ணுக்காகவே அந்த இதழ் மறக்கவில்லை.

பத்து வருடம் கழித்து, அதே தலைப்பு, மறுபடியும் விழுவது ஒரு கறுப்பின ஹீரோ, இம்முறை டோனியின் நண்பர். ரோடி பொறியாளர், போர் விமானி, டோனி குடியில் மூழ்கிக் கிடந்த நாளில் அயர்ன் மேன் கவசத்தைப் போட்டு ஊரைக் காத்தவர். அவருடைய சாவு மற்ற இருவர் சண்டை போடக் காரணமாக மட்டும் நிற்கிறது. இதில் அவருக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. சல்லடை சரியாக வேலை செய்கிறது என்றால், இந்த நிறுவனங்கள் யாருக்குத் தனித்தொடர் தருவதில்லை என்பதையும் அதே சல்லடை காட்டிக் கொடுக்கிறது.

ஜூன் 3

"ஒருத்தர் செத்தாச்சு, இனி ஆபத்து இல்லையே?" என்று கேட்ட நண்பருக்கு: இருக்கிறது. மே 9 குறிப்பைப் பாருங்கள். எரிபொருள்தான் ஊற்றியிருக்கிறார்கள், திருப்பம் பாக்கி. பேனர் இன்னும் என் முதலிடத்தில்தான்.

ஜூன் 16

இரண்டாம் இதழின் முடிவில் யுலிசீஸ் காணும் காட்சி: செத்துக் கிடக்கும் ஹீரோக்கள், நடுவில் ஹல்க். அடுத்த இதழில் எல்லோரும் பேனர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. கதைக்குள் வரும் தீர்க்கதரிசனம் சாட்சியாகாது, வாசகரைத் திசைதிருப்பத்தான் பெரும்பாலும் பயன்படும். நான் பேனரைச் சொல்வது அந்தக் காட்சியை வைத்தல்ல, ஏப்ரல் 15 சல்லடையை வைத்து.

ஜூலை 7

ரிரி வில்லியம்ஸ் என்ற 15 வயதுப் பெண் இன்வின்சிபிள் அயர்ன் மேன் தொடரின் நாயகி ஆகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். கேள்வி கேட்டவர் "பார்த்தீர்களா, டோனி காலி" என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான வாதம். இரண்டாவது சல்லடையில் டோனி இப்போது விழுகிறார். ஆனாலும் சாவு என்று ஏற்க மாட்டேன். வாரிசு வந்தால் முந்தையவர் விலகுவார், விலகுவதற்குப் பல வழி இருக்கிறது: காணாமல் போவது, சக்தி இழப்பது, மயக்கத்தில் கிடப்பது. மார்வெல் சொந்தமாகத் தயாரித்த படங்களின் வருமானமே தொடங்கிய பெயர் அயர்ன் மேன். அப்படிப்பட்டவரை அலமாரியில் வைப்பார்கள், புதைக்க மாட்டார்கள்.

படம் காப்பாற்றாது என்று மே 8ல் எழுதிவிட்டு இப்போது படத்தையே சாட்சிக்கு இழுக்கிறேனே என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உண்மை, முரண்தான். திருத்திச் சொல்கிறேன்: படத்தில் வருவது காப்பாற்றாது. அந்தத் தலைப்பில் இரண்டு தொடர் ஓடுகிற அளவுக்கு விற்பனை இருந்தால், ஆளை முழுதாகக் கொல்லத் தேவை குறைகிறது.

ஜூலை 14

பேனர்.

மூன்றாம் இதழ் கட்டப்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கதை நீதிமன்றத்தில் தொடங்குகிறது, கொலைவழக்கு. செத்தது யார், கொன்றது யார் என்று உடனே சொல்வதில்லை. சாட்சிக் கூண்டுக்கும் யூட்டா மாநிலத்து ஆல்பைனில் பேனரின் ஆய்வுக்கூடத்துக்கும் மாறி மாறிப் போகிறது. ஹீரோக்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். எக்ஸ்-மென் விஞ்ஞானி பீஸ்ட், பேனரின் கணினிக்குள் புகுந்து பார்க்கிறார்: செத்த காமா செல்களைத் தனக்கே ஊசி போட்டுச் சோதித்திருக்கிறார். பேனருக்குக் கோபம் ஏறுகிறது. உருமாறவில்லை. எங்கிருந்தோ ஒரு அம்பு.

எய்தது கிளின்ட். மறுபடி எப்போதாவது ஹல்க் ஆகப் போனால் என்னைக் கொன்றுவிடு என்று கேட்டுக்கொண்டு, அதற்கான அம்பையும் செய்து கொடுத்தது பேனரே. கண்ணில் பச்சை தெரிந்தது என்கிறார் கிளின்ட். அது நிஜமா, எதிர்பார்த்து நின்றவரின் கண்ணுக்குத் தெரிந்த பச்சையா என்பதுதான் முழுத் தொடரின் கேள்வியும். இதுவரை வந்த இதழ்களில் தலைப்புக்குத் தகுதியான இதழ் இது ஒன்றுதான் என்பேன்.

என் பட்டியலில் முதலிடமும் இரண்டாமிடமும் ஒரே அம்பின் இரண்டு முனையில். கிளின்ட் சாகவில்லை, கொன்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. சல்லடை "சாவார்" என்று காட்டுகிற ஆள் "கொலை செய்வார்" என்பதற்கும் பொருந்துகிறார். தனித்தொடர் இல்லாதவரின் பெயரைக் கெடுத்தாலும் அட்டவணையில் எந்தத் தொடரும் பாதிக்கப்படாது.

ஜூலை 20

"ஓவியத்தில் முன்கூட்டியே தெரியுமா?" அருமையான கேள்வி. எப்போதாவது தெரியும். தெரிந்த மிக அழகான உதாரணம் 1992ன் சூப்பர்மேன் சாவு.

நான்கு வாரம், நான்கு தலைப்பு. அட்வென்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 497ல் ஒரு பக்கத்துக்கு நான்கு பேனல். ஆக்‌ஷன் காமிக்ஸ் 684ல் மூன்று. மேன் ஆஃப் ஸ்டீல் 19ல் இரண்டு. சூப்பர்மேன் 75ல் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. படிக்கும்போது எண்ணத் தோன்றாது, பக்கம் வேகமாகப் புரள்வது மட்டும் உறைக்கும். சூப்பர்மேனைக் கொல்லும் அசுரன் டூம்ஸ்டேயின் குத்து ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாகும், மூச்சுவிட இடம் குறையும். கையிருப்பில் இருந்தால் நான்கையும் வரிசையாக வைத்துப் புரட்டுங்கள்.

இன்னொரு அடையாளம் பை. சூப்பர்மேன் 75 கறுப்பு பாலிதீன் பையில், உள்ளே கையில் கட்டத் துக்கப் பட்டையோடு வந்தது. 2011 ஜனவரியில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 587, ஹியூமன் டார்ச்சின் சாவு, அதுவும் பையில்தான். பையில் வருகிறது என்று பட்டியல் சொன்னால் கடையில் நின்று புரட்டிப் பார்க்க விடமாட்டார்கள் என்று பொருள். ஏன் விடமாட்டார்கள் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

ஜூலை 21

வாசகர் வாக்கெடுப்பில் செத்தவர் ஒருவர் உண்டே என்று நினைவூட்டியிருக்கிறார்கள். பேட்மேனின் கூட்டாளியான இரண்டாவது ராபின், ஜேசன் டாட், 1988. பேட்மேன் 427ன் கடைசியில் இரண்டு தொலைபேசி எண்கள், ஒன்று வாழ, ஒன்று சாக. அழைப்புக்கு 50 சென்ட், 36 மணி நேரம். சாகட்டும் என்றவர்கள் 5,343, வாழட்டும் என்றவர்கள் 5,271. வித்தியாசம் 72. ஓவியர் ஜிம் அபாரோ இரண்டு முடிவுக்கும் பக்கம் வரைந்து வைத்திருந்தார்.

சல்லடை எதுவும் செல்லாத ஒரே சாவு இதுதான். ஒரே ஆள் பல முறை அழைக்கத் தடை இருக்கவில்லை. 72 என்பது நான்கைந்து பிடிவாதக்காரர்களின் வேலையாகக்கூட இருக்கலாம். பத்தாயிரம் வாசகர்களின் தீர்ப்பு என்று அதை எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நவம்பர் 11

தொடர் இன்னும் முடியவில்லை. 7 இதழ் என்றார்கள், 8 ஆக்கினார்கள், தாமதமும் சேர்ந்துவிட்டது. ஆனால் முடிவுக்குப் பிறகு வரவேண்டிய தொடர்கள் பழைய தேதியிலேயே கடைக்கு வந்துவிட்டன. ரிரியின் அயர்ன் மேன் வந்தாகிவிட்டது. வில்லன் டாக்டர் டூம் கவசம் போட்ட இன்ஃபேமஸ் அயர்ன் மேனும். டிசம்பருக்கு ஜெனிஃபர் வால்டர்ஸின் (ஷீ-ஹல்க்கின் இயற்பெயர்) ஹல்க் தொடர் பட்டியலில் நிற்கிறது, ஆகவே ஷீ-ஹல்க் பிழைப்பார்.

தாமதமான நிகழ்வுக்கு இதுதான் கதி. கடைசி இதழை வாங்குகிறவருக்கு அறிய வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

டிசம்பர் 29

எட்டாம் இதழ். கரோலின் அடியில் டோனி வீழ்ந்து மயக்கத்தில், உயிர் இருக்கிறது. அலமாரிதான்.

கேள்வி கேட்டவர் "பாதி சரி" என்று தனக்கு மதிப்பெண் கேட்கிறார். தரலாம், தொடரை விட்டு விலகுவார் என்பது வரை அவர் சொன்னது நடந்தது. என் கணக்கு: பேனர் சரி, ரோடி முதலில் தப்பு பிறகு சரி, கிளின்ட் தப்பு, ஷீ-ஹல்க் தப்பு.

ஜூலை 9, 2018

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், ஏனென்றால் இருவருமே திரும்பிவிட்டார்கள். பேனர் இந்த வருட ஆரம்பத்தில் அவெஞ்சர்ஸ் 684ல் எழுந்தார், போன மாதம் எழுத்தாளர் அல் யூவிங்கின் இம்மார்ட்டல் ஹல்க் தொடங்கியது. சாவே அந்தத் தொடரின் அடித்தளம்: பகலில் பேனரைக் கொல்லலாம், இரவானதும் ஹல்க் எழுந்துவிடும். 2016ன் அம்பை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்துவார்கள் என்று நினைக்கவில்லை. அவசியம் படியுங்கள். ரோடியை பெண்டிஸே இன்வின்சிபிள் அயர்ன் மேன் 600ல், மார்வெலை விட்டுப் போகும் முன் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இருவருக்கும் இரண்டு வருடத்துக்கும் குறைவு.

போன வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வெளியான ஆன்ட்-மேன் அண்ட் த வாஸ்ப் படத்தில் பில் ஃபாஸ்டராக லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் நடித்திருக்கிறார். பேராசிரியர், பழைய கோலியாத். காமிக்ஸில் அவர் இன்னும் அந்த 38 இடங்களில்தான் கிடக்கிறார். அக்டோபர் பட்டியல் வந்ததும் அவருக்கு ஒரு வரிசை போட்டுப் பார்க்கிறேன்.